உப்புக் காற்றும் மோட்டார்க் காரின் மேற்போர்வையும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் வெண்ணப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என வடக்கு நோக்கி நீண்டு, புத்தளக் களப்பை ஒட்டிக் கற்பிட்டிக் குடாநாடு வரை செல்கின்றது. கற்பிட்டிப் பக்கத்தில் வாழ்வோருக்கு ஒரு புறம் கடல். மறு புறம் களப்பு. களப்பின் ஓரமெங்கும் உப்பளங்கள். இலங்கையில் உப்பு விளையும் இடங்களுள் அம்பாந்தோட்டையும் புத்தளமும் முதன்மையானவை என்பதை யாவரும் அறிவர். பல குடும்பங்களுக்குச் சோறு போடும் அந்த உப்பே, அக்குடும்பங்களின் வாசலில் நிற்கும் மோட்டார் வண்டிகளுக்கு ஓயாத பகையாகவும் இருக்கின்றது.

வண்டியின் எந்தப் பாகத்தில் இப்பகை முதலில் தன்னைக் காட்டுகின்றது? பெரும்பாலும் அதன் அலங்காரப் பட்டிகளிலேதான். கண்ணாடிகளைச் சூழ்ந்திருக்கும் ஒளிரும் பட்டி, கதவின் நடுவே ஓடும் பட்டி, கதவுக் கைப்பிடி, முன்புறத்துச் சட்டகம், பம்பரின் மேல் விளிம்பு ஆகியன புதிதில் கண்ணாடிபோல் மின்னும். கடலோரத்தில் சில ஆண்டுகள் சென்றதும் அவற்றிலே மங்கல் படரும். பிறகு புள்ளிகள் தோன்றும். பிறகு கறள் வெடிக்கும். வண்டியின் உடல் நன்றாக இருப்பினும், பட்டிகள் கெட்டவுடன் அது கிழடு தட்டிப் போனதாகவே காண்போர் எண்ணுவர்.

முன்பெல்லாம் பழைய வண்டியை விற்றுவிட்டு வேறொன்றை வாங்குவது வசதியுள்ளோர்க்கு எளிதாயிருந்தது. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியாரின் கார்களைக் கொண்டுவர 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அதுவும் பெரும் வரிச்சுமையோடு. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதே குடும்பத்தின் பொருளாதாரக் கடமையாகிவிட்டது. அக்காலத்தில் பலர் கண்டுகொண்ட வழிகளில் ஒன்று, பட்டிகளின்மேல் வினைல் படலம் ஒட்டுவது. மக்கள் இதனை ‘ஸ்டிக்கர்’ என்றே வழங்குவர். கறுப்பு நிறமாகவும், வெள்ளி நிறமாகவும், மரத்தின் சாயலாகவும் இது கிடைக்கின்றது. இளைஞர் பலர் அழகுக்காக இதனை நாடுகின்றனர். கடலோரத்தாரோ காவலுக்காகவும் நாடுகின்றனர். இந்தக் காவல் எவ்வளவு உண்மையானது, வீட்டிலேயே இதனைச் செய்ய முடியுமா என்பன ஆராயத்தக்க வினாக்கள்.

முதலில் பகைவனை அறிதல் வேண்டும். அலை உடையும்போது எழும் நுண்ணிய துளிகளைக் காற்று நிலத்துள் ஏந்தி வருகின்றது. துளியிலுள்ள நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் வண்டியின் மேல் தங்குகின்றது. உலர்ந்த உப்பு அத்தனை தீங்கு செய்வதில்லை. ஈர உப்பே தீங்கானது. சாதாரண உப்பானது, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டும்போது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டோ, சுமார் 33 சதவீதத்திலேயே நீரை இழுக்க வல்லது. உப்பளத்தில் தொழில் செய்வோர் இதனை அனுபவத்தால் அறிவர். வாரிய உப்பை அவர்கள் உடனே மூட்டையில் கட்டாமல், குவித்து வைத்துக் கசப்பு நீரை வடியவிடுவது இக்காரணம் பற்றியே. ஆகவே கடலோரத்தில் மழையே பெய்யாவிடினும், இரவு முழுவதும் வண்டியின் மேல் மெல்லிய உப்பு நீர்ப்படலம் ஒன்று நின்றுகொண்டே இருக்கும். மீன் ஏற்றும் வண்டிகளுக்கு உள்ளிருந்தும் உப்பு நீர் கசிகின்றது. அவற்றின் நிலை இன்னும் கடினம்.

இனி, ஒளிரும் பட்டியின் அமைப்பைக் காண்போம். குரோமிய முலாம் 1920களில் தொழில்முறைக்கு வந்தது. பட்டியின் மேலே மின்னும் குரோமியம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவான தடிப்புடையது. அதன் கீழே நிக்கல். சிலவற்றில் அதற்கும் கீழே செம்பு. எல்லாவற்றுக்கும் அடியில் உருக்கு. இவ்வளவு மெல்லிய குரோமியத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் வெடிப்புகளும் இருந்தே தீரும். அத்துளை வழியே உப்பு நீர் நிக்கலைத் தொடுகின்றது. இரு வேறு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் குரோமியம் தப்பிக்கொள்ள, நிக்கல் அரிக்கப்படுகின்றது. அரிப்பு உருக்கை எட்டியதும் கபில நிறக் கறள் புள்ளியாக மேலே வருகின்றது. மேலே தெரிவது ஒரு புள்ளி. கீழே இருப்பது ஒரு குழி.

எல்லாப் பட்டிகளும் உருக்கினால் ஆனவை அல்ல. இக்காலத்துக் கார்களில் பல, பிளாஸ்திக்கின்மேல் குரோம் பூசப்பட்டவை. அவை கறள் பிடிப்பதில்லை. ஆயின் முலாம் கொப்பளித்துத் தகடாக உரியும். அலுமினியப் பட்டியில் வெண்ணிறப் பூப்புப் படரும். கறைபடா உருக்கும் கடலோரத்தில் தேநீர்க் கறைபோன்ற மங்கலைப் பெறும். எந்த வகைப் பட்டி என்பதை அறிந்த பின்னரே வேலையைத் தொடங்குதல் வேண்டும். காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால், உருக்குப் பட்டி ஒட்டிக்கொள்ளும். அலுமினியமும் பிளாஸ்திக்கும் ஒட்டா.

வினைல் படலம் என்பது பொலிவினைல் குளோரைட்டு என்னும் செயற்கைப் பொருளாலானது. ஜேர்மன் வேதியியலாளர் ஒயிகன் பௌமன் 1872ல் இதனைக் கண்டார். அக்காலத்தில் அது விறைத்து உடையும் பொருளாகவே இருந்தது. 1926ல் அமெரிக்காவில் வோல்டோ செமன் என்பவர் இதனோடு வேறு சில திரவங்களைச் சேர்த்து, றப்பர்போல் வளையச் செய்தார். அந்த வளையுந் தன்மையே இன்று காரின் வளைவுகளை இது தழுவிக்கொள்ள உதவுகின்றது.

கடையில் கிடைக்கும் படலங்கள் இரு வகையின. உருகிய பொருளைச் சூடான உருளைகளின் நடுவே நசுக்கி நீட்டிச் செய்வது ஒரு வகை. இது விலை குறைந்தது. ஆனால் தான் நீட்டப்பட்டதை மறவாமல், வெயில் பட்டதும் சுருங்கப் பார்க்கும். திரவமாக ஒரு தட்டின்மேல் வார்த்து, அடுப்பில் உலர்த்திச் செய்வது மற்றொரு வகை. இது மெல்லியது, தன்னுள் இழுவிசை இல்லாதது, வளைவுகளில் அமைதியாக நிற்கும். தட்டையான பெயர்ப் பலகைக்கு முதல் வகை போதும். காரின் பட்டிக்கு வார்த்த படலமே ஏற்றது. விலை மலிவென்று முதல் வகையை வாங்கியவரின் பட்டியில், சில மாதங்களில் ஓரம் சுருங்கி விலகி, பசையின் கோடு ஒன்று வெளியே தெரியும். அந்தப் பசைக் கோட்டில் மணலும் உப்பும் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே முக்கியமான ஓர் உண்மையை மனத்தில் இருத்துதல் வேண்டும். படலம் ஒரு போர்வை, மருந்தன்று. நல்ல பட்டியின்மேல் ஒட்டினால் புதிய உப்பை அது தடுக்கும். ஏற்கெனவே உப்பு ஊறிய பட்டியின்மேல் ஒட்டினாலோ, உப்பை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். பிளாஸ்திக்குப் படலம் நீராவியை முற்றாக மறிப்பதில்லை. சிறிது சிறிதாக உட்புக விடும். உள்ளே அகப்பட்ட உப்புத் துகள் அந்நீரை உறிஞ்சிக் கொப்புளமாகும். வெளியே பார்ப்பதற்குப் பட்டி அழகாக இருக்க, அதனடியில் அரிப்பு தொடரும். காண முடியாத நோய் காணும் நோயினும் கொடிது. ஆதலால் இவ்வேலையில் முக்காற்பங்கு துப்புரவு, காற்பங்குதான் ஒட்டுதல்.

கறள் கண்ட பட்டியை முதலில் நுண்ணிய மணற்றாளால் தேய்த்து, உறுதியான பரப்பு வரும்வரை சீர்செய்தல் வேண்டும். உரிந்து நிற்கும் முலாமை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் படலம் அதனோடு சேர்ந்து உரிந்துவரும். உருக்கு வெளிப்பட்ட இடத்தில் கறள் தடுக்கும் அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடுவர். அப்பூச்சு முற்றாக உலர்ந்து, அதிலுள்ள கரைப்பான் வெளியேறச் சில வாரங்கள் செல்லும். அதற்கு முன் படலத்தை ஒட்டினால், வெளியேறும் ஆவி குமிழிகளை எழுப்பும். குழிகள் பெருகிவிட்ட பட்டிக்குப் படலம் பயன்படாது. ஒவ்வொரு குழியும் மேலே அச்சாகத் தெரியும். அத்தகைய பட்டியை மாற்றுவதே சிக்கனம். பொருக்குப் பொருக்கான கறுப்புப் பிளாஸ்திக்கின் மேலும், றப்பரின் மேலும் படலம் நிலையாகப் பற்றாது என்பதையும் அறிதல் நலம்.

அடுத்தது கழுவுதல். வண்டி கழுவும் சவர்க்காரமும் நிறைய நல்ல தண்ணீரும் கொண்டு இருமுறை கழுவுதல் வேண்டும். கரையோரத்தில் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள வீடுகள் பல. அந்நீரால் கழுவி உலரவிட்டால், நீக்க வந்த உப்பையே மீண்டும் பூசியதாகும். அவ்விடங்களில் கடைசி அலசலுக்குச் சேமித்த மழைநீரையோ, பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரையோ பயன்படுத்தலாம். பட்டிகளுக்கு மட்டும் சிறிதளவு நீரே போதும். பட்டியும் கண்ணாடி றப்பரும் சந்திக்கும் இடுக்கிலேதான் உப்பும் மணலும் அதிகம் ஒளிந்திருக்கும். மென்மையான பற்றூரிகை ஒன்றால் அவ்விடுக்கைத் துருவிக் கழுவுதல் இன்றியமையாதது.

நன்றாக உலர்ந்த பின், ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் பட்டியைத் துடைத்து, உடனேயே வேறொரு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மெழுகும் எண்ணெயும் இதனால் நீங்கும். மண்ணெண்ணெய் பாவிப்பது தவறு. அது தானே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். துடைத்த பின் அவ்விடத்தை விரலால் தொடலாகாது. விரலின் வியர்வையிலும் உப்பு உண்டு.

எப்போது, எங்கே ஒட்டுவது? சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், கற்பிட்டிப் பகுதியில் காற்றின் வேகம் மிகுதி. உலகின் பல பாகங்களிலிருந்தும் பட்டத்தின் துணையோடு கடலில் சறுக்கி விளையாட அங்கு வருவோர் விரும்புவது இக்காற்றையே. படலம் ஒட்டுவோர்க்கோ இது ஆகாத காற்று. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழையின் தொல்லை. காற்று ஓய்ந்த மார்ச், ஏப்ரில் மாதங்களின் காலை வேளை நல்லது. எந்த மாதமாயினும், மூன்று பக்கமேனும் அடைத்த கொட்டிலிலே வேலை செய்தல் வேண்டும். தரையில் நீர் தெளித்துப் புழுதியை அடக்கிக்கொள்ளலாம். வெயிலில் நின்ற வண்டியின் உலோகம் கை பொறுக்காத சூட்டை அடைந்திருக்கும். அச்சூட்டில் படலம் துவண்டு நீளும். பசையோ தொட்ட இடத்தில் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்னும். எனவே வண்டி நிழலில் நின்று ஆறிய பின்னரே ஒட்டத் தொடங்குவது முறை.

வேண்டிய கருவிகள் சிலவே: கூரிய அலகுள்ள வெட்டுக் கத்தி, ஓரத்தில் மென்துணி ஒட்டிய பிளாஸ்திக்குத் தேய்ப்புத் தகடு, மாஸ்கிங் டேப், சூடான காற்றை ஊதும் கருவி, அளவு நாடா. தலைமயிர் உலர்த்தும் கருவி சிறு வளைவுகளுக்கு உதவும். கடைசிச் சூடேற்றலுக்கு அதன் வெப்பம் போதாமற் போகலாம்.

பட்டியை அளந்து, எல்லாப் பக்கமும் இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் கூடுதலாகப் படலத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். பட்டியைச் சுற்றியுள்ள வர்ணப் பரப்பை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுதல் நன்று. பின்தாளை ஒரேயடியாக உரித்துவிடலாகாது. ஒரு முனையில் ஒரு சாண் அளவு உரித்து, அம்முனையைப் பொருத்தி, பிறகு ஒருவர் தாளை உரித்துக்கொண்டே போக மற்றவர் தேய்த்துக்கொண்டே வருதல் வேண்டும். நீண்ட பட்டிக்கு இருவர் தேவை. தேய்ப்பது எப்போதும் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி. ஒரு தேய்ப்பின் மேல் அடுத்தது பாதி படியுமாறு. இப்பசை அழுத்தத்தால் பற்றும் இயல்புடையது. ஆதலால் மெல்லத் தடவினால் போதாது; சீரான அழுத்தம் வேண்டும்.

குமிழி அகப்பட்டால், அவ்விடம் வரை மெதுவாகத் தூக்கி மறுபடியும் இடலாம். மிகச் சிறிய குமிழிகள் சில நாட்களில் தாமே மறைவதும் உண்டு. எடுத்ததற்கெல்லாம் ஊசியால் குத்துவது பலரின் வழக்கம். உள்நாட்டில் அது பெருங்குற்றமன்று. கடலோரத்திலோ ஊசித்துளை ஒவ்வொன்றும் உப்பு நீருக்குத் திறந்துவிட்ட வாசல். வளைந்த இடத்தில் படலத்தைச் சற்றே சூடாக்கினால் அது இணங்கும். இணங்குகின்றதே என்று அளவு மீறி இழுத்தால், பின்னொரு நாள் வெயிலில் அது தன் பழைய அளவுக்குத் திரும்ப முயன்று ஓரத்தைக் கழற்றிக்கொள்ளும்.

வீட்டில் வேலை செய்வோர் பெரும்பாலும் தவறுவது விளிம்பு வெட்டும் இடத்தில்தான். படலத்தை வெட்டும்போது கத்தி அதனைக் கடந்து வண்டியின் வர்ணத்திலும் கீறிவிடுகின்றது. மயிரிழைபோன்ற அக்கீறலை அன்று எவரும் காண்பதில்லை. ஆறு மாதத்தின் பின் அதே கோட்டில் கறள் எழும்போதுதான் காண்பர். காக்கப் புகுந்த வேலையே கேட்டுக்கு வித்திட்ட கதையாகிவிடும். இதனைத் தவிர்க்க இரு வழிகள் உள. பட்டியைக் கழற்ற முடியுமாயின் கழற்றி, படலத்தை அதன் பின்புறம் வரை சில மில்லிமீற்றர் மடித்து ஒட்டி, பின்புறத்திலேயே வெட்டுவது சிறந்தது. கழற்ற முடியாத இடத்தில், உள்ளே நூல் பதித்த நாடா ஒன்றை முதலில் விளிம்பில் ஒட்டி, அதன்மேல் படலத்தை இட்டு, பிறகு நூலை இழுத்தால் அந்நூலே படலத்தை நேராக அறுத்துவிடும், கத்தியே வேண்டியதில்லை. றப்பரைத் தொடும் பக்கத்தில், ஓரிரு மில்லிமீற்றர் முன்பாகவே படலத்தை நிறுத்துதல் வேண்டும். பட்டிக்கும் றப்பருக்கும் பாலம்போல் இட்ட படலம் நிச்சயமாகக் கழன்றுவிடும்.

கடைசியாக, விளிம்புகளையும் வளைவுகளையும் படலத்தின் உற்பத்தியாளர் குறித்த வெப்பத்துக்குச் சூடாக்குதல் வேண்டும். வார்த்த படலங்களுக்கு அது பொதுவாக 100 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும். இச்சூட்டில் படலம் தன் பழைய வடிவத்தை மறந்து புதிய வடிவத்தில் அமைகின்றது. பட்டி பிளாஸ்திக்காயின் அதுவே உருகி வளைந்துவிடக் கூடுமாதலால், கருவியை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். பெற்றோல் வாயின் அருகில் இதனைச் செய்யவே கூடாது. வேலை முடிந்த பின் இரண்டு நாட்களுக்கு வண்டியை நனைக்காதிருந்தால் பசை நன்றாக இறுகும்.

எவற்றை மூடலாகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விளக்குகள், ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடுகள், இலக்கத் தகடு, பம்பரில் பதித்த உணரிகள் ஆகியவற்றின் மேல் எப்படலமும் ஒட்டலாகாது. சில புதிய கார்களில், முன்புறத்துச் சின்னத்தின் பின்னால் தூரத்தை அளக்கும் கருவி இருக்கும்; அச்சின்னத்தையும் விட்டுவிடுவதே பாதுகாப்பு.

ஒட்டியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வாரம் ஒருமுறையேனும் நல்ல நீரால் பட்டிகளை அலசி, மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தால், எங்கேனும் தூக்கியிருப்பது தெரிந்துவிடும். அதிவேக நீர் பீய்ச்சும் கருவியை விளிம்புக்கு அருகே நேராகப் பிடித்தல் கூடாது. தூக்கிய ஓரத்தைக் கடைப் பசையால் ஒட்டி மறைப்பது பெரும் பிழை; உள்ளே சென்றுவிட்ட உப்பு அங்கேயே தங்கிவிடும். அத்துண்டை உரித்து, கழுவி, புதிதாக ஒட்டுவதே நேர்மையான மருத்துவம்.

இப்போர்வைக்கும் ஆயுள் உண்டு. நல்ல படலம் பல ஆண்டுகள் நிற்கும் என்று உறையில் எழுதியிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அக்கணக்கு பெரும்பாலும் மிதமான வெயிலுள்ள நாடுகளுக்கு உரியது. நம் வெயிலின் ஊதாக்கடந்த கதிர்கள் வினைலின் வளையுந் தன்மையை விரைவில் பறித்துவிடும். செங்குத்தான கதவுப் பட்டியைக் காட்டிலும், வானம் பார்த்த பம்பர் விளிம்பில் அது முன்னதாகவே வெளிறும். நிறம் மங்கி, மேற்பரப்பு வறளத் தொடங்கும்போதே அதனை அகற்றுதல் வேண்டும். அந்நிலையில் சற்றுச் சூடாக்கி, பரப்போடு ஒட்டியவாறு தாழ்வாக, மெதுவாக இழுத்தால் முழுத் துண்டாக வந்துவிடும். இன்னும் ஓராண்டு போகட்டும் என்று விட்டால், அது நகத்தளவு துண்டுகளாக உடையும். பசையோ பட்டியிலேயே தங்கும்.

படலத்தை அகற்றும் அந்நாள் உண்மையில் ஒரு சோதனை நாள். அடியிலுள்ள பட்டி ஒட்டிய நாளில் இருந்தவாறே மின்னினால், அந்த வீட்டார் உப்பைக் கழுவிய பின் போர்த்தார்கள் என்பது பொருள். கறள் பூத்திருந்தால், உப்பின் மேலேயே போர்த்தார்கள் என்பது பொருள். வீட்டில் இருவர் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டு முடிக்கக்கூடிய இவ்வேலையில், நல்ல நீரும் பொறுமையும் கடையில் வாங்கும் படலத்தினும் பெறுமதியுடையவை. உப்பளத்தின் ஓரத்தில் வாழ்வோர் உப்பை விட்டு ஓட முடியாது. ஆயினும் அது தங்கும் இடத்தையும் நுழையும் வழியையும் அறிந்தவர்கள், தம் வண்டியை அதனிடமிருந்து நெடுநாள் காத்துக்கொள்ள முடியும்.